மேல்மண்ணும் சித்திரக்கூடமும்

நெய்வேலியின் முதலாம் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பர் கடைசியோடு ஓய்வு பெற்றுவிட்டது. சோவியத் ஒன்றியத்தின் ஒத்துழைப்போடு எழுந்த நிலையம் அது. 1962இல் முதல் அலகு ஓடத் தொடங்கியது. பிறகு 50 மெகாவாட்டில் ஆறு, 100 மெகாவாட்டில் மூன்று என ஒன்பது அலகுகளாக வளர்ந்து 600 மெகாவாட்டை எட்டியது. தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறை அந்த மின்சாரத்தில் பாடம் படித்தது, நெல் அரைத்தது, சினிமா பார்த்தது. அதன் வேலையை இப்போது 500 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட புதிய நிலையம் செய்கிறது. ஓய்வு பெற்ற மின் நிலையத்துக்கு நம் ஊரில் நேரும் கதி எல்லோரும் அறிந்ததுதான்: டெண்டர், ஏலம், கேஸ் கட்டிங், லாரி லாரியாகப் பழைய இரும்பு. 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் அப்படித்தான் தரைமட்டமானது.

லண்டனில் தேம்ஸ் கரையிலிருந்த பேங்க்சைடு மின் நிலையத்துக்கும் அதே கதி வந்திருக்க வேண்டியது. 1981இல் அது நின்றது. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பிறகு டேட் நிறுவனம் தன் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்காக அதை எடுத்துக்கொண்டது. ஹெர்ஸோக், டி மியூரோன் என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் எந்திரங்களை அகற்றிவிட்டு, டர்பைன்கள் நின்ற கூடத்தை மட்டும் நிரப்பாமல் விட்டார்கள். ஏறத்தாழ 150 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். 2000 மே மாதம் டேட் மாடர்ன் திறந்தது. 2003இல் ஓலாஃபர் எலியாசன் அந்தக் கூடத்தில் மஞ்சள் விளக்குகளும் செயற்கை மூட்டமும் கண்ணாடிக் கூரையும் வைத்து ஒரு சூரியனை ஏற்றினார். ஜனங்கள் வெறும் தரையில் மல்லாந்து படுத்து, மேலே தெரிந்த தங்கள் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

நெய்வேலியில் அப்படியே ஒன்றைக் கட்டிவிடலாம் என்று சொல்ல வரவில்லை. சுரங்கமும் மின் நிலையமும் பெற்றெடுத்த ஊர்களில் கலை அருங்காட்சியகம் திறப்பதும், அங்கே புதிது புதிதாகக் கண்காட்சிகள் வருவதும் உலகத்தில் பல இடங்களில் நடந்திருக்கிற காரியம். சில இடங்களில் நன்றாக நடந்தது, சில இடங்களில் அரைகுறை. அந்த அனுபவத்தை நெய்வேலியின் மண்ணோடு வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இங்கே கேள்வி.

நெய்வேலி விசித்திரமான ஊர். வட்டம் வட்டமாகப் பிரித்து, மரம் நட்டு, அகலச் சாலை போட்டு, சுரங்கத்தையும் மின் நிலையத்தையும் நடத்தும் ஒரே நிறுவனம் கட்டிய டவுன்ஷிப். வீடு நிறுவனத்துடையது, மருத்துவமனை, பள்ளிக்கூடம், விளையாட்டரங்கம், குடிநீர் எல்லாம் அதே கையிலிருந்து. 1998 முதல் நடந்துவரும் புத்தகக் கண்காட்சியும் அப்படித்தான். லிக்னைட் ஹால் வளாகத்தில் பத்து நாள் அது நடக்கும்போது கடலூர், பண்ருட்டி, விருத்தாசலத்திலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஊரின் பெரிய சிற்பம் எது என்று கேட்டால் கோயிலுக்குத்தான் கை காட்டுவார்கள்: பத்தடிக்கு மேல் உயரமான ஐம்பொன் நடராஜர். நெய்வேலிப் பெயரைச் சொன்னால் புத்தகம் நினைவுக்கு வருகிறது, சாமி நினைவுக்கு வருகிறது, போராட்டம் நினைவுக்கு வருகிறது. ஓவியம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இவ்வளவுக்கும் பூமியின் அடுக்குகளைத் தினமும் உரித்துக் காட்டுகிற ஊர் அது.

வெளியூர் அனுபவங்களில் முதலில் பிரான்சு. வடக்கே லென்ஸ் என்ற ஊர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலக்கரியே பிழைப்பு. அந்தப் பிராந்தியத்தின் கடைசிச் சுரங்கம் 1990இல் மூடியபோது மிஞ்சியது வேலையின்மையும், தொழிலாளர் செங்கல் வீடுகளும், கழிவு மண் கொட்டி எழுந்த கரிய குன்றுகளும்தான். 2012 டிசம்பர் 4 அன்று, பழைய ஒன்பதாம் எண் குழியின் நிலத்தில், பாரிசின் லூவர் அருங்காட்சியகம் தன் கிளையைத் திறந்தது. டிசம்பர் 4 சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதை பார்பராவின் திருநாள். நாள் பார்த்துத்தான் வைத்தார்கள். ஜப்பானின் ஸனா கட்டடக் குழு கண்ணாடியும் மெருகேற்றிய அலுமினியமும் கொண்டு ஒரே தளத்தில் தாழ்வாகக் கட்டியது. அக்கம்பக்கத்துத் தொழிலாளர் வீடுகளை அது குனிந்து பார்க்கக் கூடாது என்ற கணக்கு. உள்ளே 120 மீட்டர் நீளத்தில் ‘காலத்தின் கூடம்’. சுவரே கிடையாது. கி.மு. 3500 வாக்கில் தொடங்கி இருநூற்றுச் சொச்சம் படைப்புகள், நாடு மதம் என்று பிரிக்காமல், கால வரிசையில் தரையிலிருந்தே எழுந்து நிற்கும். நுழைவு இலவசம். தெலக்ருவா வரைந்த சுதந்திரத் தேவியின் புகழ்பெற்ற ஓவியத்தைப் பாரிசிலிருந்து முதல் ஆண்டு இங்கே அனுப்பிவைத்தார்கள். முதல் ஆண்டில் சுமார் 9 லட்சம் பேர் வந்தார்கள்.

இதெல்லாம் பெருமைதான். ஆனால் லென்ஸின் காலக்கூடத்தில் ஒரு விநோதம் இருந்தது. லூவரின் சேகரிப்பு 1848 வாக்கில் முடிந்துவிடும். அதற்குப் பிந்தியவை வேறு அருங்காட்சியகங்களுக்குச் சேர்ந்தவை. அந்தப் பகுதியில் நிலக்கரி தட்டுப்பட்டதோ 1840களில். ஆகவே, திறந்தபோது, உலகத்தின் ஐயாயிரம் ஆண்டுகளைக் காட்டிய கூடம், அந்த ஊருக்கென்று ஒரு வரலாறு தொடங்கும் இடத்தில் சரியாக முடிந்துபோனது. சுரங்கத்தில் இறங்கிய தாத்தாவின் பேரன் அங்கே எகிப்தையும் ரோமாபுரியையும் பார்த்தான், தாத்தாவைப் பார்க்கவில்லை. திட்டமிட்டு யாரும் செய்ததல்ல. சேகரிப்பின் எல்லை அப்படி விழுந்தது. அந்தக் குறையை ஈடுகட்டியவை மாறிவரும் தற்காலிகக் கண்காட்சிகள். 2020இல் ‘கருஞ்சூரியன்கள்’ என்ற தலைப்பில், ஓவிய வரலாற்றில் கறுப்பு நிறத்தின் கதையை மட்டும் எடுத்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். கரியில் வாழ்ந்த ஊரில் கறுப்பைப் பற்றி. அருங்காட்சியகம் தன் ஊரைப் பார்த்துத் தலையசைத்த நேரம் அது என்று சொல்ல வேண்டும்.

நிரந்தரக் காட்சி கட்டியவனின் பேச்சு. அது ஒருமுறை அமைந்துவிட்டால் எளிதில் மாறாது; எந்த நிறுவனம் பணம் போட்டதோ அதன் சாயல் அதில் படிந்தே தீரும். தற்காலிகக் கண்காட்சியில்தான் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கிறது. மூன்று மாதத்துக்கு வரும், போகும், யாராவது முகம் சுளித்தாலும் அடுத்தது வந்துவிடும். ஒரே நிறுவனத்தின் ஊரான நெய்வேலிக்கு இந்த வேறுபாடு உயிரானது.

இங்கிலாந்தின் ஆஷிங்டன் கதை லென்ஸுக்கு நேர் எதிர். நார்தம்பர்லண்டில் உள்ள அந்தச் சுரங்க ஊரில் 1934இல் தொழிலாளர்களின் மாலை வகுப்பொன்று கலை ரசனை கற்றுத்தரச் சொல்லி ஒரு ஆசிரியரை அழைத்தது. ராபர்ட் லயன் என்ற ஓவியர் வந்தார். மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைப் படம் போட்டுக் காட்டினார். நாள் முழுக்க நிலத்தடியில் கரி வெட்டிவிட்டு வந்தவர்களுக்கு அது ஒட்டவில்லை. அப்படியானால் நீங்களே வரையுங்கள் என்றார் லயன். வரைந்தார்கள். பிளைவுட்டிலும் அட்டையிலும், வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்டாலும் வரைந்தார்கள். குனிந்து தவழும் சுரங்கவழி, புறாக்கள், குளியல் தொட்டி, காய்கறிப் பாத்தி, தொழிற்சங்கக் கூட்டம். அடுத்தவர் படத்தை மற்றவர்கள் கூடி விமர்சிப்பது அவர்கள் வழக்கம். 1936இல் நியூகாசிலின் ஹாட்டன் காட்சிக்கூடத்தில் அவர்களுடைய முதல் கண்காட்சி நடந்தது. ஆலிவர் கில்போர்ன் என்பவர் தன் சுரங்க வாழ்க்கை முழுவதையும் வரிசைப் படங்களாகவே வரைந்து வைத்தார். பெரும்பாலோர் கடைசிவரை சுரங்க வேலையை விடவில்லை. 1981இல் மூடிய வுட்ஹார்ன் சுரங்கத்தில் இப்போது இருக்கும் அருங்காட்சியகத்தில் அந்தப் படங்கள் தொங்குகின்றன. அங்கே கலை வெளியூரிலிருந்து வந்து இறங்கவில்லை. ஊருக்குள்ளேயே பிறந்து வெளியூர் போய்த் திரும்பி வந்தது.

இந்தியாவில் இதற்குச் சமமாகச் சொல்லத்தக்க ஒருவர் பிரபாகர் பச்புதே. மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் நிலக்கரிப் பகுதியில் சாஸ்தி என்ற ஊரில் 1986இல் பிறந்தவர். குடும்பத்தின் நிலம் சுரங்கத்துக்குப் போனது. வீட்டார் சுரங்க வேலைக்குப் போனார்கள். அவர் கையில் எடுத்துக்கொண்டது கரிக்கோல். காட்சிக்கூடத்தின் சுவரிலேயே ஆள் உயரத்துக்கு மேல் நேரடியாக வரைவார்: தலைக்குப் பதிலாக விளக்கோ கருவியோ முளைத்த மனிதர்கள், கால் முளைத்துத் தானே நடந்துபோகிற நிலத்துண்டுகள். கண்காட்சி முடிந்ததும் சுவருக்கு வெள்ளையடித்தால் படம் போய்விடும். 2018 கொச்சி முசிறிஸ் பியன்னாலே என்ற கலைவிழாவில், அதே ஆண்டு நாசிக்கிலிருந்து மும்பைக்கு நடந்துவந்த விவசாயிகளின் பேரணியை எடுத்துக்கொண்டு ஒரு பெரும் படைப்பு செய்தார். பிறகு வேல்ஸின் கார்டிஃப் நகரத் தேசிய அருங்காட்சியகத்தில், அந்த நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் சங்கங்களின் பழைய கொடிகளைப் பார்த்து ஓவியங்களும் கொடிகளும் செய்துவைத்தார். அவை ஆர்டெஸ் முண்டி என்ற கலைப் போட்டிக்காகச் செய்தவை. அதன் பரிசை 2021இல் அவரையும் சேர்த்துப் போட்டியிட்ட ஆறு பேரும் பகிர்ந்துகொண்டார்கள். சந்திரப்பூர்க்காரருக்கும் வேல்ஸ்காரருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது என்றே தோன்றுகிறது. நிலம் போன கதை எங்கும் ஒன்றுதான்.

கட்டடமா கண்காட்சியா என்று கேட்டால், தமிழ்நாட்டின் சொந்த அனுபவமே போதிய விடை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகங்களில் ஒன்று. அதன் வளாகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்த செந்நிறக் கட்டடம் இருக்கிறது. ஃபதேபூர் சிக்ரியை நினைவூட்டும் முகப்பு. விக்டோரியா நினைவு மண்டபமாக 1909இல் திறந்து, 1951இல் தேசியக் கலைக்கூடமாக மாறியது. ரவிவர்மா ஓவியங்கள் அங்கேதான் இருந்தன. 2000களின் தொடக்கத்தில் கட்டடம் பழுதாகிப் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. பிறகு ஆண்டுக்கணக்கில் பூட்டிய கதவைத்தான் பார்க்க முடிந்தது. வெளியே நின்று முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே என்ன இருந்தது என்று தெரியும்? இதற்கு மாறாகக் கொச்சி. 2012 டிசம்பர் 12 அன்று பியன்னாலே தொடங்கியபோது அதற்கென்று ஒரு கட்டடம் கிடையாது. மிளகும் தேங்காய் நாரும் தேயிலையும் அடுக்கிய பழைய கிடங்குகள், கடலோர ஆஸ்பின்வால் மாளிகை, இவ்வளவுதான். காரை உதிர்ந்த சுவரில் ஓவியம் தொங்கியது; ஜனங்கள் மீன் வலையைப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே வந்தார்கள். நடுவில் கண்ணகி நகர் வருகிறது. சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தியவர்களைக் குடியேற்றிய அந்த அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் 2020இல் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரையப்பட்டன. படங்கள் அழகானவை, சில முகங்கள் அந்தக் குடியிருப்பிலேயே உள்ளவர்களுடையவை. ஆனால் குடியேற்றப்பட்ட ஜனங்களின் கதையைச் சொல்வதற்கும் அவர்கள் வீட்டுச் சுவரை அழகுபடுத்துவதற்கும் உள்ள தூரம் அங்கே நன்றாகவே தெரிகிறது. நெய்வேலியில் யாராவது இதைத் தொடங்கினால் முதலில் அந்தத் தூரத்தை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, நெய்வேலியில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

நிலக்கரியிலிருந்தே தொடங்கலாம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது என்பது ஊரறிந்த கதை. 1956இல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. இந்த வரிசையை நிறுவன மலர்கள் எல்லாமே சொல்லும். அவை சொல்லாதது அந்தக் கரியின் உருவம். படுகையிலிருந்து அப்போதுதான் வெட்டிய துண்டைக் கையில் எடுத்தால் கல் என்று தோன்றாது. ஈரமாக இருக்கும், எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். நிறம் காப்பிக்கொட்டைப் பழுப்பு. சில துண்டுகளில் மரத்தின் ரேகை, கணு, பட்டை எல்லாம் அப்படியே. வெயிலில் வைத்தால் காய்ந்து வெடித்து அடுக்கடுக்காக உதிரும். குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் செய்யும். அருங்காட்சியகப் பாதுகாவலருக்கு இதைவிடத் தொல்லையான பொருள் கிடையாது. கண்ணாடிப் பெட்டியில் ஈரப்பதம் மாறாமல் வைத்தாலொழிய, திறப்பு விழாவில் மரமாக இருந்தது பொங்கலுக்குள் தூளாகிவிடும்.

அண்டை விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரை இருக்கிறது. அங்கே வயல்வெளியில் கிடப்பவையும் மரங்கள்தான். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமை. பிரெஞ்சுக்காரரான பியர் சொனரா 1781இலேயே அவற்றைப் பற்றி எழுதினார். கடலூர் மணற்கல் என்று நிலவியலார் சொல்லும் அதே அமைப்பைச் சேர்ந்தவைதான் திருவக்கரைக் கல்மரங்களும் நெய்வேலிக் கரியும். ஒரு பக்கத்து மரத்துக்குள் சிலிக்கா புகுந்து கல்லாக்கியது. இன்னொரு பக்கத்தில் சேற்றுக்குள் அமிழ்ந்து காற்றில்லாமல் கரியானது. ஒன்றைத் தட்டினால் கணீர் என்கிறது. மற்றொன்றை நகத்தால் கீறலாம். இந்த இரண்டையும் அருகருகே வைத்து ஒரு கண்காட்சி செய்தால் விளக்கப் பலகை எழுதுவதற்கே வேலை இருக்காது.

பழுப்பு நிலக்கரி ஓவியர்களின் கைக்கு நேராகவே போயிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஜெர்மனியின் கொலோன், காசல் பகுதிகளில் வெட்டிய பழுப்புக் கரியை அரைத்து ஒரு நிறமி தயாரித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் ரூபன்ஸ், வான் டைக், ரெம்பிராண்ட் போன்றவர்கள் நிழலுக்கும் பின்னணிக்கும் பயன்படுத்திய ஆழ்ந்த, கண்ணாடி போன்ற பழுப்பு அது. பிற்காலத்தில் அதற்கு வான் டைக் பழுப்பு என்றே பெயர் வந்தது. வெளிச்சம் பட்டால் மங்கிப்போகிற குணம் அதற்கு உண்டு. அதனால் இன்று அந்தப் பெயரில் டியூபில் விற்பது பெரும்பாலும் வேறு கலவை. ஐரோப்பிய ஓவியங்களின் இருட்டில் பாதி, நம்முடைய கரியைப் போன்ற கரி. மின்சாரமாக எரிந்த அதே பொருளை நெய்வேலிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரைத்து, சலித்து, ஆளி விதை எண்ணெயிலோ பசையிலோ குழைத்துத் தங்கள் ஊரை வரையட்டும்.

கரிக்கு மேலே இருப்பது மேல்மண். ஒரு டன் கரி எடுக்க அதைவிடப் பல மடங்கு மேல்மண்ணை அகற்ற வேண்டும். சக்கரம் முழுக்க வாளி கட்டிய ராட்சத எந்திரங்கள் அதைத்தான் இரவு பகலாக வெட்டுகின்றன. சிவப்பு மண், மணற்கல், வெள்ளைக் களி என்று அடுக்கடுக்காக வருவதைச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தால், ஒரு ஓவியன் நாள் முழுக்க அங்கேயே நின்றுவிடுவான். அந்த வெள்ளைக் களிக்குத் தனிக் கதை இருக்கிறது. அதைக் கழுவிச் சுத்தப்படுத்தி விற்றார்கள். விருத்தாசலத்தில் அரசு பீங்கான் தொழிற்பயிற்சிக் கூடமும் பீங்கான் தொழிற்பேட்டையும் வேர்பிடிக்க அந்தக் களி ஒரு காரணம். அங்கே பொம்மை செய்யும் முறையை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். களியைக் கஞ்சிப் பதத்தில் கரைத்து, இரண்டு பாதியாகச் சேர்த்துக் கட்டிய பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அச்சின் உட்சுவரை ஒட்டி மெல்லிய ஓடு கட்டும். கொஞ்ச நேரம் கழித்து மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே வெற்றிடமாக ஒரு பிள்ளையார். இணைப்பு விழுந்த கோட்டைக் கத்தியால் சீவி, ஈரத் துணியால் தடவி, உலர்த்தி, சூளையில் சுட்டு, பிறகு வர்ணமோ மெருகோ. சாலையோரக் கடைகளில் ரூபாய்க் கணக்கில் விற்கும் அந்தப் பிள்ளையாருக்கும் நெய்வேலிச் சுரங்கத்துக்கும் இருக்கும் உறவை எந்தக் காட்சிக்கூடமும் இதுவரை அழகாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. அதே வரிசையில் பண்ருட்டி, வண்டிப்பாளையம் கொலு பொம்மைகளையும் வைக்கலாம். ஒரே மாவட்டத்தில் மண்ணைக் கையால் பிசைகிற கைவினைஞர்களும், மண்ணை வாளியால் வெட்டுகிற எந்திரமும். ஒரு கண்காட்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மண்ணுக்கு அடியில் இன்னும் பழைய மனிதர்களும் இருக்கிறார்கள். கடலூர் மாவட்டத்தின் மருங்கூரில் தமிழக அரசின் தொல்லியல் துறை 2024இல் அகழாய்வு தொடங்கியது. கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதோடு கைகோத்தால் நெய்வேலியில் ஒரு தொல்லியல் கண்காட்சி பெரிய சிரமமில்லை. இதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் இது எளிது. யாருக்கும் சங்கடம் தராத கண்காட்சி.

சங்கடம் தரும் கண்காட்சி வேறு. நிலம் கொடுத்தவர்கள். சுரங்கம் நகர நகர ஊர்கள் பெயர்ந்தன. வீடு, கிணறு, குலசாமி கோயில், சுடுகாடு எல்லாம் வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. வேலை கிடைத்தவர்கள் உண்டு, காண்ட்ராக்ட் தொழிலாளியாகவே ஆயுளைக் கழித்தவர்கள் உண்டு, இழப்பீட்டுக் கணக்கில் இன்னும் அலைகிறவர்கள் உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நடவு முடிந்து பச்சையாக நின்ற நெல் வயலுக்குள் மண் அள்ளும் எந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த மண்ணின் மனிதர்களை, நடுநாடு எனப்படும் அந்த வட்டாரத்தின் எழுத்து விட்டுவிடவில்லை. கண்மணி குணசேகரன் முந்திரிக்காட்டு வாழ்க்கையை நாவலாக்கினார், வட்டாரச் சொல்லகராதியே தொகுத்தார். இமையம் விருத்தாசலத்துப் பக்கத்து மனிதர்களை எழுதி 2020க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றார். தங்கர் பச்சான் அந்தச் செம்மண்ணைப் படத்துக்குப் படம் திரையில் கொண்டுவந்தார். எழுத்தும் திரையும் போன தூரத்துக்கு ஓவியம் வரவில்லை. பெயர்ந்த ஊர் ஒன்றின் நிலப்பதிவுச் சீட்டு, பழைய வீட்டின் கதவு நிலை, கிராமத்துப் பாட்டி நினைவிலிருந்து தரையில் கோலப்பொடியால் போட்டுக் காட்டும் தெரு வரைபடம், அகற்றப்பட்ட அய்யனார் குதிரையின் புகைப்படம். இவற்றைக் கொண்டு ஒரு கூடத்தை நிரப்ப அதிகச் செலவாகாது. துணிச்சல்தான் வேண்டும்.

யாருடைய துணிச்சல் என்பதுதான் சிக்கல். பணம் ஒரு பிரச்சினையே இல்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற அட்டவணையில் கலை, பண்பாடு, மரபுக் கட்டடங்கள், கைவினைகள் எல்லாம் இருக்கின்றன. ஒரு சுரங்க நிறுவனம் அந்தப் பணத்தில் சித்திரக்கூடம் கட்டினால், நிலம் இழந்தவர்களின் கண்காட்சி அங்கே திறக்குமா?

டேட் மாடர்னுக்கே இந்தக் கேள்வி வந்தது. டேட் அருங்காட்சியகங்களுக்கு எண்ணெய் நிறுவனமான பி.பி. கால் நூற்றாண்டுக்கு மேலாக நிதியுதவி செய்துவந்தது. 2010 முதல் ‘லிபரேட் டேட்’ என்ற கலைஞர் குழு அதை எதிர்த்துக் காட்சிக்கூடங்களுக்குள்ளேயே நிகழ்த்துகலைப் போராட்டங்கள் நடத்தியது. 2017இல் அந்த உறவு முடிந்தது. நெய்வேலிக்கு அந்தப் பாடத்தை அப்படியே பொருத்த முடியாது. லண்டனில் ஒரு புரவலர் போனால் இன்னொருவர் வருவார். நெய்வேலியில் இடமும் விளக்கும் தண்ணீரும் ஒரே கையில். அந்தக் கையை விலக்கிவிட்டு அங்கே எதுவும் நடக்காது. ஆனால் பணம் கொடுக்கும் கையும் படம் தேர்ந்தெடுக்கும் கையும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. புத்தகக் கண்காட்சியில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. அரங்கை நிறுவனம் தருகிறது. என்ன புத்தகம் விற்பது என்று பதிப்பாளர்தான் முடிவு செய்கிறார். நிலம் கையகப்படுத்தலை எதிர்க்கிற எழுத்தும் அந்த வளாகத்துக்குள் வரலாம், யாரும் அட்டையைப் பிரித்துப் பார்த்து அனுமதிப்பதில்லை.

ஓவியத்துக்கும் அதே ஏற்பாடு போதும். தேர்வுக் குழுவில் சென்னை, கும்பகோணம் அரசுக் கவின்கலைக் கல்லூரி ஆசிரியர்கள் இரண்டு பேர், கடலூர் அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர், பெயர்ந்த ஊர்களிலிருந்து இரண்டு பேர், காண்ட்ராக்ட் தொழிலாளர் தரப்பில் ஒருவர், நிறுவனத்தின் தரப்பில் ஒருவர். நிறுவனத்துக்கு ஒரு வாக்கு, ஒரே ஒரு வாக்கு. விதிகளைத் திறப்பு விழாவுக்கு முன்னால் எழுத்தில் வைத்துவிட வேண்டும்; பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது. கட்டடத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். புத்தகக் கண்காட்சி நடக்கும் பத்து நாளில் ஒரு பந்தலோ ஒரு பள்ளிக் கூடமோ போதும். முதல் ஆண்டு கல்மரமும் கரிமரமும். இரண்டாம் ஆண்டு விருத்தாசலத்துப் பீங்கானும் வண்டிப்பாளையத்துப் பொம்மையும். மூன்றாம் ஆண்டு பெயர்ந்த ஊர்கள். வரிசையை மாற்றி மூன்றாவதை முதலில் வைக்கலாம் என்று குழுவில் யாராவது சொன்னால், அதை முதல் கூட்டத்திலேயே வாக்குக்கு விடலாம்.